லாரிக்குள் ஓர் இலவம்பஞ்சு மெத்தை

நாமக்கல் லாரிகளில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும். ஆள் ஒருக்களித்துப் படுக்கும் அகலம்தான். அதற்கு மெத்தை என்றால் என் ஓட்டு இலவம்பஞ்சுக்கே. ஸ்பாஞ்சில் படுத்தால் இன்ஜின் சூடு அடியிலேயே தங்கி முதுகு நனைந்துவிடும். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் வெற்றுக் குழல். உள்ளே இருப்பது காற்று. மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு, அதனால் ஈரம் எளிதில் ஒட்டாது.

போடிநாயக்கனூர்ப் பஞ்சு கிடைத்தால் விடாதீர்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பொத்தி, கையைத் திறந்து பாருங்கள். நல்ல பஞ்சு மெல்ல மெல்ல எழும்பும். விதையும் தூசும் கலந்தது சுருண்டே கிடக்கும். கனத்தில் பேராசை வேண்டாம். மூன்று அங்குலம் போதும், எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கக் கூடாதல்லவா?

நாள்பட்டால் அமுங்கும், உண்மைதான். லோடு இறக்கும் நேரத்தில் வெயிலில் விரித்து, கம்பால் நாலு தட்டு தட்டினால் மறுபடி உப்பிவிடும். அன்றிரவு, சங்ககிரி தாண்டிப் புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிப் படுக்கையில், துணியிலிருந்து வெயில் வாசனை வரும்.