சாயம் போகும், உப்பு போகுமா?

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிய வைக்கும் வழக்கம் கலித்தொகைக்கும் சுசுருத சங்கிதைக்கும் தெரிந்த ஒன்று. அதே வேலையை முருங்கை விதையும் செய்யும். சேற்று நீருக்கு உதவும் இந்த விதைகள் துணிச்சாயக் கழிவுநீருக்கும் உதவும் என்று ஆய்வுகள் பல சொல்கின்றன. இலங்கையின் ஊவா மாகாணத்தில் இதை எடைபோடக் காரணம் உண்டு. 2020இல் பத்திக், கைத்தறித் துணிகளுக்கென இராஜாங்க அமைச்சு அமைந்தது. சிறு சாயப் பட்டறைகளை வளர்ப்பது அரசின் கொள்கையாயிற்று. மலைநாட்டிலோ மேலே ஊற்றியது கீழே இருப்பவரின் குடத்துக்கு வரும். பதுளை ஓயா துன்ஹிந்தவில் அருவியாக விழுந்து மகாவலியில் சேர்கிறது. தோட்டத்து லயங்களில் பலவும் இன்றும் ஓடையையும் பீலியையும் நம்பியிருப்பவை.

முதலில் நிறைகள். ரியாக்டிவ், அசிட், டைரக்ட் வகைச் சாயங்கள் நீரில் எதிர்மின்னேற்றம் கொண்டவை. முருங்கைப் பருப்பின் புரதங்கள் நேர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் பற்றித் திரண்டு அடியில் படிகின்றன. படிகாரம் நீரின் காரத்தன்மையைக் குறைத்து அமிலப் பக்கம் இழுக்கும். படியும் சேற்றில் அலுமினியமும் இருக்கும். முருங்கையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஒரு பீப்பாயும் உரலும் வடிதுணியும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

குறைகள் இங்கேதான் தொடங்குகின்றன. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற்றிய நீர் கடுங்காரமானது. அதன் பிஎச் 10, 11 வரை போகும். அந்த அளவில் முருங்கைப் புரதம் தன் மின்னேற்றத்தை இழந்துவிடும். ஆகவே முதலில் அமிலம் சேர்த்துக் காரத்தைத் தணிக்க வேண்டும். 'இரசாயனமே வேண்டாம்' என்ற பெருமை அங்கேயே அடிபட்டுப்போகிறது. பருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய். அதைப் பிழிந்தெடுக்காமல் இடித்துக் கொட்டினால் நீரில் அங்ககப் பொருள் ஏறும், நாற்றமெடுக்கும், ஓடையின் ஒட்சிசனும் குறையும்.

அளவையும் கணக்கிட வேண்டும். லிட்டருக்கு அரைக் கிராம் பருப்பு என்று வைத்துக்கொண்டால் 200 லிட்டர் பீப்பாய்க்கு 100 கிராம் போதும். வீட்டு மரமே அதைத் தரும். நாளுக்கு 100,000 லிட்டர் வெளியேற்றும் ஆலைக்கு 50 கிலோ வேண்டும். பருப்பு ஒன்று கால் கிராம், காய்க்கு 20 விதை என்றாலும், தினமும் 10,000 காய்களை மரத்திலேயே முற்றவிட வேண்டும். அவை கறிக்குப் போக வேண்டிய காய்கள். முருங்கை மகியங்கனை, வெல்லவாய போன்ற உலர்ந்த பகுதிகளில் செழிக்குமே தவிர, பண்டாரவளைக் குளிரில் அவ்வளவாகச் செழிக்காது.

எல்லாவற்றிலும் பெரிய குறை உப்பு. சாயத்தைத் துணியில் ஏற்றக் கொட்டிய உப்பு நீரில் கரைந்தே நிற்கும். எந்த விதையாலும் அதைப் படியவைக்க முடியாது, படிகாரத்தாலும் முடியாது. திருப்பூர் பட்ட பாடு இதற்குச் சாட்சி. அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் நொய்யல் ஆற்றில் உப்பு ஏறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நிறம் இருக்கும்வரை மக்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். நிறம் போய் உப்பு நிற்கும் நீரே அதிகம் ஏமாற்றும்.

அடியில் படிந்த சேறும் அப்படித்தான். விதைத்தூள்தானே என்று அதை மரக்கறிப் பாத்திக்குப் போடக்கூடாது. நீரிலிருந்து போன சாயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஆகவே தாவரத் திரட்டிகள் சிறு பத்திக், கைத்தறிப் பட்டறைகளுக்கு நல்ல முதற்படி. உப்பு மிகுந்த ஆலைக் கழிவுக்கு அவை மாற்றாகா. காரம் தணித்து, எண்ணெய் நீக்கிய தூளிட்டு, தெளிந்த நீரை மணலில் வடித்து, சேற்றைத் தனியே உலர்த்தி ஒப்படைத்தால்தான் பயன் உண்டு. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்தப் பட்டறைகளின் உண்மையான கழிவுநீரில் அது சோதித்துச் சொல்லட்டும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் நீரின் நிறத்தோடு நிற்காமல் உப்பையும் அளந்த பிறகே அனுமதி வழங்கட்டும்.