பதிவேடும் சான்றும்: தேசிய மின்னணு உடல்நலப் பதிவுகள் மருத்துவ ஆய்வுக்கு அளிப்பதும் அளிக்காததும்

முன்னுரை

ஒரு நாட்டு மக்கள் அனைவருடைய மருத்துவக் குறிப்புகளும் மின்னணு வடிவில் இணைக்கப்படுமாயின் மருத்துவ ஆய்வு பெருவளர்ச்சி காணும் என்னும் கருத்து, அரசு அறிக்கைகளிலும் ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகவே எடுத்தாளப்படுகிறது. இந்தியாவில் 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்ட பின்னர் இக்கருத்து நம்மிடையேயும் வலுப்பெற்றுள்ளது. இதில் இரு வேறு கூற்றுகள் ஒன்றாகக் கலந்துள்ளன. தரவு மிகுந்தால் அறிவு மிகும் என்பது ஒன்று. தரவு இணைந்திருந்தால் ஆய்வை நடத்துவது எளிதாகும் என்பது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் பிழை. பின்னது உண்மை, ஆயினும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிய இங்கிலாந்தின் பட்டறிவு பெரிதும் உதவுகிறது. இக்கட்டுரை அதனை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இறுதியில் இந்தியக் கொள்கை ஆவணத்தின் ஒரு பிரிவை மதிப்பிடுகிறது.

இரண்டு வாரங்களில் இரு ஆய்வுகள்

2020 மே 22 அன்று லான்செட் இதழில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளின் மின்னணுப் பதிவுகளிலிருந்து 96,032 கோவிட் நோயாளிகளின் தரவு திரட்டப்பட்டதாக அக்கட்டுரை கூறிற்று. அம்மருந்து உயிரிழப்பை மிகுவிக்கிறது என்பது அதன் முடிவு. மூன்று நாள்களில் உலக சுகாதார அமைப்பு தன் சோதனையில் அம்மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்தது. தரவைத் திரட்டியதாகச் சொன்ன சர்ஜிஸ்பியர் நிறுவனம் அதனை வெளியார் தணிக்கைக்குத் தர மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

மறுநாள், ஜூன் 5 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த ரெகவரி சோதனையின் குழுவினர் அதே மருந்து பற்றிய தம் முடிவை அறிவித்தனர். பின்னர் வெளியான முழு விவரத்தின்படி, மருந்து பெற்ற 1,561 பேரில் 27.0 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25.0 விழுக்காட்டினரும் 28 நாள்களுக்குள் இறந்தனர். மருந்தால் பயனில்லை என்பது தெளிவாயிற்று. பயனில்லை என்ற அளவில் இரு ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டின என்பது உண்மையே. ஆயினும் லான்செட் கட்டுரையை அதன் பொருட்டு ஓரளவு சரியானது எனக் கொள்வது ஆய்வுநெறியை மறப்பதாகும். 96,032 என்னும் எண்ணின் பெருமையே மதிப்புரையாளர்களையும் இதழாசிரியரையும் தரவின் இருப்பைப் பற்றிக் கேளாதிருக்கச் செய்தது என்றே கருத வேண்டியுள்ளது. ரெகவரியின் எண் அதைவிட மிகச் சிறியது. ஆனால் யாருக்கு மருந்து என்பதைச் சமவாய்ப்பு முறை தீர்மானித்தது.

டெக்சாமெத்தசோன் முடிவு இவ்வேறுபாட்டை இன்னும் கூர்மையாக விளக்குகிறது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரில் மருந்து பெறாதவர்களில் 41.4 விழுக்காட்டினரும், பெற்றவர்களில் 29.3 விழுக்காட்டினரும் இறந்தனர். உயிர்வளி தேவைப்படாத நோயாளிகளிடத்து எந்த நன்மையும் காணப்படவில்லை. இதே வினாவை நாட்டின் மருத்துவப் பதிவுகளை மட்டும் புரட்டி விடைகாண முயன்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? மருத்துவர் எவருக்கும் மருந்தைக் கண்மூடித் தருவதில்லை. நிலைமை மோசமாகும்போதுதான் ஸ்டீராய்டு எழுதுவார். ஆகவே பதிவேட்டில் ஸ்டீராய்டு பெற்றவர்கள் மிகுதியாக இறந்தவர்களாகத் தோன்றுவர். நோயின் கடுமை மருந்தின் குற்றமாகிவிடும். தரவைப் பத்து மடங்கு பெருக்கினாலும் இப்பிழை பத்து மடங்கு உறுதியாகத் தெரியுமேயன்றிக் குறையாது.

அவ்வாறாயின் தேசியப் பதிவுகளுக்கு ரெகவரியில் இடமே இல்லையா? உண்டு, அதுவும் இன்றியமையாத இடம். 2020 மார்ச்சில் முதல் நோயாளி சேர்க்கப்பட்டு, ஜூன் 16 அன்று டெக்சாமெத்தசோன் முடிவு அறிவிக்கப்பட்டது. 176 மருத்துவமனைகளில், நோயாளிகளால் நிரம்பிய வார்டுகளில், இத்தனை விரைவாகப் பணி முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவர் நிரப்ப வேண்டிய படிவம் மிகக் குறுகியது. எஞ்சிய விவரங்களும் பின்தொடர்வும் தேசிய உடல்நலச் சேவையின் பதிவுகளுடன் இணைத்துப் பெறப்பட்டன. சுவீடனில் மாரடைப்பு நோயாளிகளின் தேசியப் பதிவேட்டுக்குள்ளேயே சமவாய்ப்பு ஒதுக்கீட்டைப் பொருத்தி 7,244 பேரிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான டேஸ்ட் சோதனையும் இவ்வழியினதே. அதில் பின்தொடர இயலாமல் விடுபட்டவர் ஒருவரும் இல்லை.

பதிவு யாருக்காக எழுதப்படுகிறது

இலக்கியப் பிரதியை அணுகுவோர் அதன் நோக்கத்தையும் சூழலையும் கருதுவர். மருத்துவப் பதிவும் ஒரு பிரதியே. அது ஆய்வாளருக்காக எழுதப்பட்டதன்று. சிகிச்சைக்காகவும், பல இடங்களில் பணப்பட்டுவாடாவுக்காகவும் எழுதப்படுவது. இங்கிலாந்தில் 2004 ஏப்ரலில் பொது மருத்துவர்களின் ஊதியத்தில் ஒரு பகுதி தரக் குறியீடுகளுடன் பிணைக்கப்பட்டது. அதன் பின்னர் ஒரு நோய் பதிவேட்டில் மிகுந்து தோன்றினால், நோய் பெருகியதா, அதனைக் குறிப்பது ஆதாயமாயிற்றா என்னும் வினாவை ஆய்வாளர் எழுப்பியே ஆக வேண்டும்.

ஓப்பன்சேஃப்லி குழுவினர் 2020இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் நேர்மையான முன்மாதிரி. ஒரு கோடியே 72 இலட்சத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரின் பதிவுகளை ஆராய்ந்த அக்கட்டுரை, இனப்பிரிவு விவரம் 26 விழுக்காட்டினருக்குப் பதிவாகவில்லை என்பதை மறைக்கவில்லை. அதே ஆய்வில், எல்லாக் காரணிகளையும் சரிசெய்த பின்னர், புகைபிடிப்போர் கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு சற்றுக் குறைவு எனக் கணக்கு காட்டிற்று. புகைபிடித்தலால் விளையும் நுரையீரல் நோயையும் சேர்த்துச் சரிசெய்ததால் எழுந்த தோற்றம் அது என்பதை ஆய்வாளர்களே விளக்கினர். இவ்விளக்கத்தைப் படியாமல் அட்டவணையை மட்டும் மேற்கோள் காட்டுவோர் கையில் அதே எண் எப்படிப் பயன்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

துண்டறிக்கை

2014 சனவரியில் இங்கிலாந்தின் வீடுகளுக்கெல்லாம் துண்டறிக்கை ஒன்று அனுப்பப்பட்டது. பொது மருத்துவர்களின் பதிவுகளை மருத்துவமனைத் தரவுகளுடன் இணைக்கும் கேர்.டேட்டா என்னும் திட்டத்துக்கான அறிவிப்பு அது. திட்டத்தின் பெயரே அதில் இடம்பெறவில்லை. விலகுவதற்கான படிவமும் இல்லை. பெறுநர் பெயரின்றி வந்தமையால் விளம்பரத் தாள்களோடு சேர்ந்து பலர் வீட்டுக் குப்பைத்தொட்டியை அடைந்திருக்கக் கூடும். பிப்ரவரியில், முன்னரே மருத்துவமனைத் தரவு காப்பீட்டுக் கணிப்பாளர் அமைப்பு ஒன்றிற்குத் தரப்பட்டிருந்தமை செய்தியாயிற்று. அதே மாதத்தில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2016 சூலையில் கைவிடப்பட்டது. அதற்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் தரவு பகிரப்படுவதை மறுத்திருந்தனர்.

மக்கள் ஆய்வை வெறுத்தனர் என்று இதற்குப் பொருள் கொள்ள இயலாது. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே நாட்டின் நோயாளிகள் ரெகவரியில் பல்லாயிரக்கணக்கில் சேர்ந்தனர். தம் பதிவுகள் இணைக்கப்படுவதற்கும் இசைந்தனர். வேறுபாடு கேட்ட முறையில் உள்ளது. ஒன்றில் படுக்கையருகே மனிதர் ஒருவர் வந்து, இன்ன மருந்துக்காக, இன்ன காலத்துக்கு என்று கேட்டார். நோயாளி கேட்கும் நிலையில் இல்லையெனில் அவர்சார்பில் முடிவெடுக்கும் உரிமை உடையவரிடம் கேட்டார். மற்றொன்றில் பயன்பாடு இன்னதென்று வரையறுக்காமல், மறுக்காதவர் அனைவரும் இசைந்தவர் எனக் கொள்ளப்பட்டது. தரவு மையத்தைவிட்டு வெளியேறாமல், ஆய்வாளரின் நிரல் மட்டும் தரவை நாடிச் செல்லும்படி ஓப்பன்சேஃப்லி அமைத்த முறையும் இத்தோல்வியிலிருந்து கற்ற பாடமாகவே தோன்றுகிறது.

இந்தியக் கொள்கையில் ஒரு பிரிவு

2020 டிசம்பரில் ஏற்கப்பட்ட உடல்நலத் தரவு மேலாண்மைக் கொள்கை, அடையாளம் நீக்கப்பட்ட தரவைத் தொகுப்பு வடிவில் மருத்துவ ஆய்வுக்கு வழங்கலாம் என்கிறது. தனியுரிமை நோக்கில் இது வரவேற்கத்தக்கது. ஆனால் மேலே கண்டவற்றோடு பொருத்திப் பார்க்கையில் ஓர் இடர் புலப்படுகிறது. தொகுப்பு எண்ணிக்கையைக் கொண்டு, இன்று சமவாய்ப்பு முறையில் மருந்து பெற்ற ஒருவர் 28ஆம் நாளில் உயிரோடு உள்ளாரா என்பதை அறிய முடியாது. அதற்குத் தனிநபர் அளவிலான இணைப்பு வேண்டும். ஆகவே இப்பிரிவு, தேசியப் பதிவுகளால் நன்கு செய்யத்தக்க சோதனைப் பின்தொடர்வுக்குத் துணை நில்லாமல், அவற்றால் செம்மையாகச் செய்ய இயலாத ஒப்பீட்டு ஆய்வுக்கே தாள் திறக்கிறது. 14 இலக்க ஆபா எண்ணும் ஒப்புதல் வழித் தரவுப் பகிர்வும் ஏற்கெனவே அமைப்பில் உள்ளன. சோதனையில் சேர்வோர் காலவரையறையோடு தரும் ஒப்புதலை அவ்வழியே ஏற்கும் வகையில் பிரிவைத் திருத்துவதற்குக் கொள்கை அளவில் தடையில்லை.

எண் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளுள் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 விழுக்காடே. இறப்பு நேர்ந்தது என்பதைக் குடிப்பதிவு சொல்லும்; எதனால் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. மருந்தின் நெடுங்கால விளைவை ஆராய்வோர்க்கு இது சிறு குறையன்று.

ஒப்புதல் படிவத்தின் மொழியும் இங்கே எண்ணத்தக்கது. பாடநூல்கள் ‘சமவாய்ப்பு’ என்கின்றன; நோயாளிக்கு அச்சொல் சமமான சிகிச்சை என்றே கேட்கும். ‘சீட்டுக் குலுக்கல்’ என்றால் உயிரோடு விளையாடுவதாகப் படும். ‘திருவுளச்சீட்டு’ பழகிய சொல். ஆனால் எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதை மருத்துவரே அறியார் என்னும் உண்மையைத் தெய்வத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. இம்மூன்றில் எதை இட்டு நிரப்பினாலும் கையொப்பம் கிடைத்துவிடும். அக்கையொப்பம் எதற்கு இசைந்தது என்பது மூன்றிலும் வேறு வேறு.