நாளும் ஒரு படம்: நுண்பொருட் புகைப்படக்கலையும் தெரிவின் பிரச்சினையும்

வட அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்திலே ஜெரிக்கோ என்னுங் கிராமத்தில், பண்ணையொன்றிலே வளர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி, நுணுக்குக்காட்டியொன்றைக் கமராவுடன் இணைத்துத் தனிப் பனிப்பளிங்கொன்றைப் படம் பிடித்தார். வில்சன் பென்ற்லி என்னும் அவ்விளைஞர் 1931 டிசம்பர் 23இல் இறக்கும்வரை அதே பண்ணையிலே வாழ்ந்து, அதே கருவியைக் கொண்டு, மாரிதோறும் அதே வேலையையே செய்தார். 5000க்கும் மேற்பட்ட தட்டுக்கள் எஞ்சின. நாற்பத்தாறு மாரிகளுக்கு இத்தொகையைப் பங்கிட்டால் மாரியொன்றுக்கு ஏறத்தாழ நூற்றுப்பத்துப் படங்களே கிடைக்கும். பனி பொழியாத நாளிற் படமில்லை. பொழிந்தும் பளிங்குகள் உடைந்து விழுந்த நாளிலும் படமில்லை. எனினும் கருவி ஒவ்வொரு நாளும் ஆயத்தமாக இருந்தது; வானிலைக் குறிப்பேடும் நாள்தோறும் எழுதப்பட்டு வந்தது.

நாளாந்தப் படப்பிடிப்பைப் பற்றிப் பேசுவோர் பொதுவாக இரண்டு குணங்களை ஒருங்கே போற்றுவர். ஒன்று, இடையறாத பயிற்சி; மற்றையது, சிறியதை உற்று நோக்கும் கண். புற்பனியையும் பூச்சியின் சிறகையும் மகரந்தத்தையும் அருகணைந்து படம் பிடிக்கப் புகுவோர் பலர் ‘நாளுக்கொரு படம்’ என்னும் நியதியையும் உடன் மேற்கொள்வது தற்செயலன்று. தொலைதூரப் பயணமின்றி, வீட்டு முற்றத்திலேயே வருடம் முழுவதற்கும் போதிய பொருளை நுண்பொருளுலகம் தருகின்றது. ஆயினும் இவ்விரு குணங்களும் ஒன்றுக்கொன்று இயல்பாகவே துணைநிற்பன என்னும் எண்ணம் ஆராயப்படாத எண்ணமாகும். நாளாந்த நியதி கிடைத்ததை ஏற்கச் சொல்கின்றது. நுண்பொருட் கலையோ ஓயாது விலக்கிக்கொண்டே இருக்கின்றது. இம்முரண்பாடு சில்லறை விடயமன்று. படமொன்றை எந்த அளவுக்கு உண்மையின் சான்றாகக் கொள்ளலாம் என்னும் வினா இதிலேதான் தங்கியுள்ளது.

விலக்குதல் முதலிற் கலைஞரின் விருப்பத்தால் நிகழ்வதன்று. ஒளியியலே அதற்குக் காரணம். உருப்பெருக்கம் கூடுந்தோறும் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுருங்குகின்றது. பொருளின் இயலளவிலேயே அதன் உருவைத் தட்டில் விழுத்தும்போது தேவைப்படும் ஒளி, தொலைவிலுள்ள பொருளுக்கு வேண்டியதைப் போல நான்கு மடங்காகிவிடுகின்றது. வில்லையை முன்னே நகர்த்தத் துருத்தியை நீட்டுதல் வேண்டும். நீட்டினால் ஒளி குறையும். ஒளி குறைந்தாற் படம் பதியும் நேரம் நீளும். அதற்குள் பனி உருகிவிடும், அல்லது பூச்சி பறந்துவிடும். எனவே தட்டையான, அசையாத, சமச்சீரான பொருளே இக்கலைக்கு வாய்ப்பான பொருளாகின்றது. பென்ற்லி கருநிறப் பலகையிற் பனியை ஏந்தி, சூடேற்றாத கொட்டிலுக்குக் கொண்டுசென்று, மூச்சையும் அடக்கிக்கொண்டு, தேர்ந்தெடுத்த பளிங்கைப் பறவையிறகொன்றினாற் கண்ணாடித் துண்டின்மீது மெல்ல அழுத்திப் படியச் செய்வார். தட்டுவடிவான அறுகோணப் பளிங்கு அவ்வாறு படியும். தூண் வடிவானதும், பல பளிங்குகள் ஒட்டித் திரண்டதும் அவ்வளவு எளிதிற் படியா. பனி என்றதும் இன்று எவர் மனத்திலும் எழும் ஆறுகால் நட்சத்திரம் இயற்கையின் தெரிவு மாத்திரமன்று, வில்லையின் தெரிவுமாகும்.

இதற்கு அப்பாலும் பென்ற்லி சென்றார். மூலத் தட்டிலிருந்து படியொன்றை எடுத்து, அதிலே பளிங்கைச் சூழ்ந்திருந்த பூச்சைக் கத்தியாற் சுரண்டி நீக்கினார். அச்சிடும்போது பின்னணி முழுக் கறுப்பாகிப் பளிங்கு இரவு வானத்து மணிபோலத் துலங்கிற்று. அவரது படங்களின் புகழுக்கு இக்கருமையே பாதிக் காரணம் எனலாம். ஜேர்மன் வளிமண்டலவியலறிஞர் குஸ்தாவ் ஹெல்மன் இதனைக் கண்டித்தார். அவர் 1893இல் வெளியிட்ட நூலிலே றிச்சாட் நொய்ஹவுஸ் பிடித்த படங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றிலே பளிங்குகள் கோணலும் குறையுமாகவே காணப்பட்டன. பென்ற்லியின் கத்தி விளிம்பைச் சிதைக்கின்றது என்பதே ஹெல்மனின் குற்றச்சாட்டு. பென்ற்லியின் மறுமொழி கூர்ந்து நோக்கற்பாலது: படம் இயற்கைக்கு இயன்றவரை உண்மையாக இருத்தலே விஞ்ஞானியின் விருப்பம், திருத்துதல் அதற்கு உதவுமாயின் திருத்துதல் முற்றிலும் முறையானதே என்பது அதன் சாரம்.

இம்மறுமொழியை வஞ்சகம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது நியாயமாகாது. கண்ணாடித் தட்டிலே பதியும் சாம்பல் நிறப் பின்னணியும் ஓர் உண்மையன்று; அது ஒளியூட்டிய முறையின் விளைவு. கூர்மதியுடைய கண் அதனை நீக்கிவிட்டே பளிங்கைக் காணும். பென்ற்லி தாம் கண்டதைத் தட்டிலும் நிலைநாட்ட முயன்றார். அவர் பிழைத்த இடம் கத்தியன்று, கூடையாகும்: ஒழுங்கற்ற பளிங்குகளை எடுக்காமலே விட்டதுதான் பெரிய திரிபு. சுரண்டிய விளிம்பை வேறொரு தட்டோடு ஒப்பிட்டுப் பிழை காணலாம். எடுக்கப்படாத படத்தை எதனோடு ஒப்பிடுவது? இப்பிழையைச் செயலாற் களைந்தவர் யப்பானிய பௌதிகவியலாளர் நக்காயா உக்கிச்சிரோ ஆவார். ஹொக்கைடோவிலே பனியை ஆராய்ந்த அவர், ஒழுங்கற்ற வடிவங்களையும் வகுத்துப் படமெடுத்தார். 1936இல் ஆய்வுகூடத்திலேயே பனிப்பளிங்கை உருவாக்கினார். வெப்பநிலையும் ஈரத்தன்மையும் வடிவத்தை எவ்வாறு நிர்ணயிக்கின்றன என்பதைத் தெளிவுபடுத்துதற்கு அழகற்ற பளிங்கும் வேண்டியிருந்தது.

பென்ற்லி பிறந்த அதே 1865ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியிற் பிறந்தவர் கார்ல் புளொஸ்பெல்ற். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தமைக்குச் சான்றில்லை. ஆனால் ஒரே கால எல்லைக்குள் ஒரே வேலையைச் செய்தனர். இரும்பு வார்ப்புத் தொழிற்கூடமொன்றிலே பயிலுநராகத் தொடங்கிய புளொஸ்பெல்ற், பின்னர் பேர்லினிலே கைவினைக்கலை மாணவர்க்குத் தாவரங்களை நோக்கி உருவமைக்கும் பாடத்தை மூன்று தசாப்தங்கள் கற்பித்தார். தாமே அமைத்த கமராவைக் கொண்டு தண்டுகளையும் மொட்டுக்களையும் விதையுறைகளையும் பன்மடங்கு பெருப்பித்துப் படமெடுத்தார். அவை வகுப்பறைக்கான துணைக்கருவிகளேயன்றிக் கலைப்படைப்புக்களாகக் கருதி எடுக்கப்பட்டவையல்ல. 1926இல் கலைக்கூட உரிமையாளரான நீறென்டோர்வ் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். 1928இல் 120 தட்டுக்களைக் கொண்ட ‘கலையின் மூலவடிவங்கள்’ வெளிவந்தது. அறுபத்து மூன்று வயதில் ஓர் ஆசிரியர் திடீரெனக் கலைஞரானார். இத்தகைய மாற்றங்களிற் படைப்பாளியிலும் பார்க்கச் சந்தையின் பங்கு பெரிது என்பதை ஒருபுறம் வைக்கலாம்.

வோல்ரர் பெஞ்சமின் அதே ஆண்டில் இந்நூலை வரவேற்று எழுதினார். 1931இல் வெளிவந்த புகைப்பட வரலாறு பற்றிய கட்டுரையிலும் இதற்கு மீண்டார். வெறுங் கண்ணுக்கு எட்டாத ஒரு புலனைக் கமரா திறக்கின்றது என்பதற்கு அவர் காட்டிய சான்று புளொஸ்பெல்ற்றின் தாவரங்களே. பத்து மடங்கு பெருத்த மரத்தளிர் குலக்குறிக் கம்பமாகவும், பன்னத்தின் சுருள் ஆயரின் செங்கோலாகவும் தோற்றுகின்றன. இவ்வியப்பு உண்மையானது. எனினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: தளிர் கம்பமாகத் தோற்றும் கணத்தில் தளிர் எங்கே போயிற்று? புளொஸ்பெல்ற் இலைகளைக் கத்தரித்தார், தண்டை நிமிர்த்தினார், வேரையும் மண்ணையும் நீக்கினார், வெற்று அட்டையைப் பின்னே நிறுத்தினார். திணைமரபிற் பழகிய வாசகருக்கு இது உறுத்தாமல் இராது. நிலத்தையும் பொழுதையும் விட்டுப் பூவை மாத்திரம் பேசும் வழக்கம் அம்மரபிலே இல்லை. ஐரோப்பாவிலும் இவ்வுறுத்தல் எழுந்தது. 1929இல் பற்றாய் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், புளொஸ்பெல்ற்றின் படங்களையே உடன் வைத்து, மலரின் அழகு விரைவில் அழுகலிலே முடிவதையும், மண்ணுக்கடியில் வேர் ஊர்வதையும் நினைவுறுத்தினார். படங்கள் மறைத்ததைப் படங்களின் பக்கத்திலேயே எழுதிக் காட்டியமை சிறந்த விமர்சனச் செயலாகும்.

இங்கு சமூகவியல் நோக்கினர் வழக்கமாக எழுப்பும் ஆட்சேபமும் உண்டு. ஆலையொன்றின் படம் அவ்வாலையிலுள்ள உறவுகளைப் பற்றி எதுவுஞ் சொல்வதில்லை என்று பிறெக்ற் கூறியதைப் பெஞ்சமின் மேற்சொன்ன கட்டுரையிலேயே எடுத்தாள்கின்றார். தாவரத்தின் படத்துக்கும் அது பொருந்தும். ஆனால் இதனை நீட்டிச் சென்று, நுண்பொருளை நோக்குவதே சமூகத்தை மறப்பது என முடிவு கட்டுவோர் அவசரப்படுகின்றனர். மறைப்பது பொருளின் சிறுமையன்று. சூழல் நீக்கப்பட்ட முறையே.

நாளாந்த நியதியை அதன் கடுமையிலேயே காணவேண்டுமாயின் வேறொருவரிடம் செல்ல வேண்டும். ஜேமி லிவிங்ஸ்ரன் என்னும் நியூயோர்க்கர் 1979 மார்ச் 31 முதல் போலறோயிட் எஸ்எக்ஸ்-70 கமராவினால் நாளுக்கு ஒரு படம் எடுத்தார். அக்கமராவிலே எதிருரு இல்லை. படம் உடனே வெளிவரும். சுரண்டித் திருத்த இடமில்லை. அது ஏறத்தாழ 26 சென்ரிமீற்றர் வரை பொருளை அணுகவல்லது. ஆனால் அவர் அருகுகாட்சியைத் தேடவில்லை. உணவுத்தட்டும், நண்பர் கூட்டமும், வெற்றுத் தெருவும், தொலைக்காட்சித் திரையும் அவருக்குப் போதுமாயிருந்தன. அன்றைய படம் எடுத்தபின் அதனினுஞ் சிறந்த காட்சி எதிர்ப்படினும் இரண்டாவது படம் கிடையாது. 1997 ஒக்ரோபர் 25இல், தமது நாற்பத்தோராவது பிறந்தநாளன்று, மூளைக் கட்டியினால் அவர் இறந்தார். அன்றும் ஒரு படம் உண்டு. ஏறத்தாழ 6700 படங்களை நண்பர்கள் பின்னர் ஒழுங்குபடுத்தி, 2007இல் அவர் பயின்ற பார்ட் கல்லூரியிலே காட்சிக்கு வைத்தனர்.

தனித்தனியே நோக்கின் அவற்றுட் பல சாதாரணமானவை; சில மங்கலானவை. பென்ற்லியின் தட்டொன்றுக்கு அருகில் வைத்தால் அவை நிற்கமாட்டா. ஆயினும் இறுதி மாதங்களுக்குரிய படங்களை நாள்வரிசையிற் காண்பவர் பெறும் அனுபவம் பென்ற்லியிடம் பெறக்கூடியதன்று. மருத்துவமனைக் கட்டிலும், மறைவுக்குச் சற்று முன் நிகழ்ந்த திருமணமும் முந்தைய நாட்களின் உணவுத்தட்டு பெற்ற அதே சதுரத்தையே பெறுகின்றன. துயரத்துக்கெனப் பெரிய தட்டு எடுக்கப்படவில்லை. அழகற்ற நாளையும் சேர்த்துக்கொண்ட காரணத்தினாலேயே அழகிய நாள் நம்பத்தக்கதாகின்றது. பென்ற்லியின் தொகுப்பிலே இல்லாதது இதுவே: 1931இல் ஹம்ப்றீஸ் என்பாரின் துணையுடன் வெளிவந்த நூலில் 2400க்கு மேற்பட்ட படங்கள் உள, புரட்டிச் செல்லும் கை சிறிது நேரத்திற் களைத்துவிடுகின்றது. ஒவ்வொன்றும் சிறந்தது என்பதே களைப்புக்குக் காரணம்.

லிவிங்ஸ்ரனின் முறைக்கும் குறையுண்டு. எதை எப்பொழுது படம்பிடிப்பது என்னும் தெரிவு அவரிடமும் இருந்தது. நண்பர்கள் கமராவின் முன்னே வேடிக்கையாக நின்ற காட்சிகள் பல. கிடைத்ததை ஏற்றல் என்பது சில வேளைகளில் உழைக்காமல் விடுதலுமாகும். பனியின் ஒரு தூளை உருகுமுன் பிடிக்கப் பென்ற்லி பட்ட பாட்டுக்கு இணையான பாடு அங்கில்லை. ஆதலால் இருவருள் ஒருவரைத் துறந்து மற்றவரைத் தழுவுமாறு இளம் படப்பிடிப்பாளருக்குச் சொல்வது பயன்தராது. நாள்தோறும் அருகுபடம் எடுக்கும் ஒருவர், கோணற் பளிங்கு மாத்திரமே கிடைத்த நாளிலே அதனையும் அதே கவனத்தோடு படமெடுத்து, நாளைக் குறித்து, தொகுப்பிலே வைத்துக்கொள்ள முன்வருகின்றாரா என்பதே அவரது வேலையை மதிப்பிடும் அளவுகோலாக இருத்தல் தகும்.

பென்ற்லி கத்தியைப் படியிலேயே பயன்படுத்தினார், மூலத்தைச் சுரண்டவில்லை. அவரது மூலத் தட்டுக்கள் பவலோ நகர விஞ்ஞான நூதனசாலையிலே பேணப்படுகின்றன. அவற்றிலே பின்னணி இன்றும் சாம்பல் நிறமாகவே இருக்கின்றது.