ஏட்டில் இல்லையேல் நாட்டில் இல்லையா?

பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுவிட்டனர். வீட்டிலே தாய் மட்டும் இருக்கிறாள். அஞ்சற்காரர் ஒரு மடலைத் தந்துவிட்டுப் போகிறார். அரசாங்கத்தின் மடல்! பிரித்துப் படிக்கிறாள். படிக்கப் படிக்க வியப்பு. வியப்பை அடுத்துத் திகைப்பு. திகைப்பை அடுத்துச் சினம். அம்மா, நீர் இந்த நாட்டை விட்டுப் போய்விட்டீர். திரும்பி வந்ததாக எம் ஏட்டிலே பதிவு இல்லை. எனவே உம் குழந்தைகளுக்குத் தந்துவந்த தொகையை நிறுத்திவிட்டோம். இங்கேதான் இருக்கிறீர் என்றால் ஒரு திங்களுக்குள் சான்று காட்டும் - இதுதான் மடலின் சாரம்.

போய்விட்டாள் என்று சொல்லும் அந்த மடல் எந்த முகவரிக்கு வந்தது? அவள் குடியிருக்கும் வீட்டுக்கே வந்தது! இல்லாதவளுக்கு எழுதப்பட்ட மடலை இருப்பவள் கையொப்பமிட்டு மறுக்க வேண்டும். கதையில் வந்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவோம். ஆனால் இது கதையன்று. 2025-ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடந்தது. ஏறத்தாழ 23,500 குடும்பங்களுக்கு இப்படித் தொகை நிறுத்தப்பட்டது. அவர்களில் பல ஆயிரம் பேர் எங்கும் குடியேறவில்லை. சில நாள் வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் சென்று வீடு திரும்பியவர்கள். சிலர் செல்லவே இல்லாதவர்கள்!

நிறுத்தப்பட்ட தொகை எத்தகையது என்பதை முதலில் அறிய வேண்டும். யாரோ மனமிரங்கிப் போட்ட பிச்சையன்று அது. எலினார் ராத்போன் என்ற பெண்மணி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் போராடிப் பெற்ற உரிமை. பிள்ளை வளர்ப்பதும் உழைப்பே, அந்த உழைப்புக்குச் சமுதாயம் கடன்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம். 1945-இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் குடும்பத் தொகைச் சட்டம் வந்தபோது, பணத்தைத் தந்தையின் கையிலே தருவதுதான் ஆட்சியாளர் எண்ணமாக இருந்தது. ராத்போன் எதிர்த்தார். தாயின் கைக்கே பணம் போகவேண்டும் என்று வாதாடினார், வென்றார். 1946 ஆகஸ்டில் முதல் தொகை வழங்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். பின்னர் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் புது வடிவம் தந்தது. 2025-இல் முதற்பிள்ளைக்குக் கிழமைதோறும் 26 பவுன் 5 பென்சு. அடுத்தடுத்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 17 பவுன் 25 பென்சு. செல்வர் வீட்டில் இது சில்லறை. ஏழை வீட்டில் இது பால், ரொட்டி, பிள்ளையின் காலணி.

இந்தத் தொகைக்கு விதி உண்டு. எட்டு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் பொதுவாக உரிமை இல்லை. நியாயமான விதி, குறை கூறவில்லை. வெளிநாட்டில் குடியேறிவிட்டுத் தொகையை மட்டும் தொடர்ந்து வாங்குவோர் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. பொதுப்பணம் மக்களின் வியர்வை. அதைக் காப்பது அரசின் கடமை. ஆனால் காக்கும் முறையைக் காணுங்கள்!

நாட்டுக்குள் வருவோர், போவோர் பற்றிய பதிவுகள் உள்துறையிடம் உள்ளன. குழந்தைத் தொகை வழங்குவது வருவாய், சுங்கத் துறை. இரண்டு ஏடுகளையும் கணிப்பொறியில் ஒட்டிப் பார்த்தால், போனவன் யார், வந்தவன் யார் என்று தெரிந்துவிடும் என்று கருதினர். சிறிய அளவில் ஒரு முன்னோட்டம் நடந்தது. ஏறத்தாழ 2,600 பேருக்குத் தொகை நின்றது. 1 கோடியே 70 லட்சம் பவுன் மிச்சம் என்று கணக்குக் காட்டப்பட்டது. உடனே பூரிப்பு! 2025 ஆகஸ்டில் விரிவான திட்டம் அறிவிக்கப்பட்டது. பதினைந்து பேர் கொண்ட குழு 200-க்கும் மேற்பட்டோர் கொண்ட படையாக வளரும். ஐந்தாண்டில் 35 கோடி பவுன் மிச்சமாகும் என்றனர். தகுதியின்றி வாங்குவோரின் காலம் முடிந்தது என்று அமைச்சர் எச்சரித்தார். எச்சரிக்கை கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் எவருடைய காலம் முடிந்தது?

அக்டோபர் இறுதியில் பெல்பாஸ்ட் நகரின் 'தி டீடெய்ல்' என்ற செய்தித்தளமும் லண்டனின் 'கார்டியன்' ஏடும் உண்மையை வெளிக்கொணர்ந்தன. முதலில் ஓலம் எழுந்தது வட அயர்லாந்தில். காரணம் எளிது, நிலப்படம் பார்க்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். வட அயர்லாந்து பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. அதன் தெற்கே அயர்லாந்து தனி நாடு. இரண்டுக்கும் இடையே 1920-களிலிருந்தே பொதுப் பயண உடன்பாடு இருக்கிறது. எல்லையிலே கடவுச்சீட்டைக் காட்டு என்று கேட்பார் இல்லை. பெல்பாஸ்டிலிருந்து டப்ளினுக்குச் சாலை வழியே இரண்டு மணி நேரப் பயணம். டப்ளின் வானூர்தி நிலையமோ பெரியது, வசதி மிகுந்தது. ஆகவே பெல்பாஸ்டிலிருந்து ஸ்பெயினுக்குப் பறந்த குடும்பம், டப்ளினில் வந்திறங்கிப் பேருந்து ஏறி வீடு சேர்வது வியப்பன்று. போனதற்குப் பதிவு உண்டு. வந்ததற்குப் பதிவு இல்லை. குடும்பம் வீட்டில், ஏட்டின்படியோ இன்னமும் ஸ்பெயினில்!

இஃது அந்த மூலையின் தொல்லை மட்டுமன்று. இங்கிலாந்தின் பெரிய நிலையங்கள் வழியே திரும்பியவர்களுக்கும் மடல் வந்தது. பயணச்சீட்டு வாங்கிவிட்டு, உடல் நலமின்மையால் பயணத்தைக் கைவிட்டவரும் நாடு கடந்தவராகக் கணக்கில் ஏறினர். ஏன் இப்படி? பிரிட்டனில், வெளியேறும் ஒவ்வொருவரையும் அதிகாரி நேரில் பார்த்து முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. 2015-இல் ஏற்பட்ட முறைப்படி, வானூர்தி நிறுவனங்கள் தரும் பயணிகள் விவரமே வெளியேறும் பதிவுக்குப் பெரிதும் அடிப்படை. சீட்டு எடுத்தவரின் பட்டியல் வேறு. ஏறிச் சென்றவரின் பட்டியல் வேறு. மீண்டு வந்தவரின் பட்டியல் இன்னும் வேறு. மூன்றையும் ஒன்றெனக் கொண்டால், நிழலைப் பார்த்து ஆளை எடைபோட்ட கதைதான்.

நான் பள்ளி ஆசிரியன். எங்கள் பள்ளிக்கு இரண்டு வாயில்கள். முன்வாயிலிலே காவற்காரர் இருக்கிறார். கையில் ஏடு இருக்கிறது. பின்வாயிலிலே எவரும் இல்லை. நண்பகல் உணவுக்கு முன்வாயில் வழியே வீடு செல்லும் மாணவன் பெயர் ஏட்டில் ஏறும். திரும்பும்போது அவன் குறுக்குவழியாகப் பின்வாயிலில் நுழைந்து வகுப்பில் வந்து அமர்ந்துவிடுவான். மாலையில் ஏட்டைப் புரட்டினால், போன பையன் வரவே இல்லை! இதைக் கண்டதும் நான் என்ன செய்ய வேண்டும்? பெயரை அடித்துவிட்டுப் பெற்றோருக்கு மடல் எழுதுவதா? அல்லது நான்கடி நடந்து வகுப்பை எட்டிப் பார்ப்பதா? எட்டிப் பார்க்கும் அறிவு கடைநிலை ஆசிரியனுக்கும் உண்டு. வல்லரசு ஒன்றின் துறைக்கு அது ஏன் இல்லாமற் போயிற்று?

இல்லாமற் போகவில்லை, தோழர்களே! இருந்ததைக் கைவிட்டனர். அதுதான் கொடுமை. அந்தத் துறைதான் அந்நாட்டு உழைப்பாளியின் சம்பளத்திலிருந்து வரி பிடிக்கும் துறை. அந்தத் தாய் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள்தோறும் அவள் சம்பளத்தில் வரி பிடிபட்டு, அதே துறையின் கணக்கில் சேர்கிறது. தன் சொந்த ஏட்டைத் திறந்து பார்த்தாலே போதும். அவள் உள்நாட்டில் உழைப்பதற்குச் சான்று கிடைக்கும். முன்னோட்டத்தின்போது இந்தச் சரிபார்ப்பு இருந்தது. பெரிய அளவில் நடத்தியபோது, வேலை விரைவாக நடக்கட்டும் என்று அதை நீக்கிவிட்டனர். வலக்கையால் அவளிடம் வரி வாங்கிக்கொண்டு, இடக்கையால் நீ இந்நாட்டில் இல்லை என்று எழுதியது ஒரே துறை!

மடலின் அமைப்பையும் ஆராய்வோம். இலக்கியம் பயின்றவன் ஒரு சொற்கோவையைக் கண்டால், பேசுவது யார், கேட்பது யார், சொல்லாமல் விட்டது எது என்று பார்ப்பான். இங்கே பேசுவது ஐயம். ஆனால் அது தீர்ப்பின் குரலில் பேசுகிறது. கேட்பவள் தாய். வங்கிக் கணக்கைக் காட்டு, பள்ளியில் கடிதம் வாங்கி வா, மருத்துவரிடம் பதிவு செய்ததற்குச் சான்று தா என்று அடுக்கடுக்காகக் கட்டளைகள். சொல்லாமல் விட்டது எது? எம் பதிவு குறைபாடுடையதாக இருக்கலாம் என்ற ஒரு வரி! அந்த ஒரு வரி இருந்திருந்தால் மடல் வினாவாகியிருக்கும். இல்லாததால் தண்டனையாயிற்று. அதுவும் விசாரணைக்கு முன்பே நிறைவேற்றப்பட்ட தண்டனை. முதலில் பணம் நின்றது. பிறகுதான் கேள்வி பிறந்தது.

குற்றம் சாட்டுபவனே மெய்ப்பிக்க வேண்டும் என்பது நாகரிக உலகின் நெறி. திருடனுக்கும் அந்த நெறி உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்கு இல்லையா? மேலும், ஒன்று நடந்ததற்குச் சான்று கிடைக்காமை வேறு. அது நடக்கவில்லை என்பதற்குச் சான்று கிடைத்தல் வேறு. தருக்க நூலின் முதற்பாடம் இது. காணாததை இல்லாததாகக் கொள்வது மூடத்தனம் என்றால், கணிப்பொறி காணாததை இல்லாததாகக் கொள்வது மட்டும் அறிவாகுமா? பொறியின் மேல் வைக்கும் கண்மூடி நம்பிக்கையும் கண்மூடி நம்பிக்கைதான்.

பயணப் பதிவைப் பார்க்கவே கூடாது என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. கனடாவைப் பாருங்கள். வெளிநாடு சென்று திரும்புவோர் சுங்கத் துறைக்கு எழுதிக் கொடுத்த அட்டைகளை, வேலையிழந்தோர் உதவித்தொகைக் கணக்கோடு அந்நாடு 1990-களில் ஒப்பிட்டது. சுங்கத்துக்காகச் சொன்னதை உதவித்தொகைத் துறைக்குத் தரலாமா என்று மறைவுரிமை ஆணையர் வழக்குத் தொடுத்தார். 2001-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் வாதத்துக்கு இடமுண்டு. ஒரு காரியத்துக்குச் சொன்ன சொல், சொன்னவர் அறியாமல் வேறு காரியத்துக்குச் சாட்சியாவது சிந்திக்க வேண்டிய செய்தி. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டை, பயணி திரும்பி வந்தபின் தன் கையால் எழுதியது. போன நாளும் வந்த நாளும் கண்டது. இரு முனையும் உள்ள கயிறு அது. பிரிட்டன் பிடித்ததோ ஒரு முனை மட்டும் உள்ள கயிறு.

நார்வேயையும் பாருங்கள். நோய்க்கால உதவி முதலியன பெற்றவர்கள், முன்அனுமதியின்றி ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தின் பிற நாடுகளுக்குச் சென்றதற்காகத் தொகையைத் திருப்பிக் கட்டினர். பலர் சிறைக்கும் சென்றனர். 2019 அக்டோபரில் அரசாங்கமே ஒப்புக்கொண்டது - சட்டத்தை நாங்கள் தவறாகப் படித்துவிட்டோம் என்று! அந்த வட்டாரத்துக்குள் சென்று வர அவர்களுக்கு உரிமை இருந்தது. துறை தவறியது, வழக்கறிஞர்கள் தவறினர், நீதிமன்றங்களும் தவறின. 2020-இல் ஆய்வுக் குழு தந்த அறிக்கையின் தலைப்பே 'பார்வை எட்டாப் பகுதி' என்னும் பொருளுடையது. அங்கே பயணம் உண்மை. சட்டம் பிழையாகப் படிக்கப்பட்டது. பிரிட்டனில் சட்டம் தெளிவு, பதிவு அரைகுறை. இரண்டிடத்தும் அடிபட்டவர் யார்? நோயாளி, வேலையற்றோர், பிள்ளைத்தாய். அவர்களுக்கு வழக்கறிஞர் வைக்க வசதி ஏது?

ஏடுகள் எழுதின, பாராளுமன்றத்தின் நிதிக் குழுத் தலைவர் மெக் ஹில்லியர் விளக்கம் கேட்டார். அதன்பின் துறை மன்னிப்புக் கேட்டது. இனி முதலில் சம்பள வரிப் பதிவோடு ஒப்பிடுவோம், தொகையை நிறுத்துமுன் பதில் சொல்ல ஒரு திங்கள் தருவோம் என்றது. நன்று. ஆனால் இந்த இரண்டும் மேதைகள் கூடிக் கண்டுபிடித்த புதுமைகளா? எட்டிப் பார், கேட்டுவிட்டுச் செய் - இவ்வளவே. இவ்வளவையும் செய்ய ஆயிரமாயிரம் தாய்மார் பள்ளிக்கும் வங்கிக்கும் மருத்துவர் வாயிலுக்கும் அலைய வேண்டியிருந்தது.

மிச்சக் கணக்கின் மயக்கத்தையும் உணர வேண்டும். நிறுத்திய தொகையையெல்லாம் மிச்சம் என்று எண்ணத் தொடங்கினால், சரியாக நிறுத்தியதும் தவறாக நிறுத்தியதும் கணக்கிலே ஒரே நிறத்தில்தான் தெரியும். தாய் எதிர்த்து எழுதும் வரை அவள் பிள்ளையின் பாலும் அரசின் ஆதாயமே. எழுதத் தெரியாதவள், அஞ்சி ஒதுங்குபவள், மடலே கிடைக்காதவள் - இவர்களின் மௌனம் திட்டத்தின் வெற்றியாகிவிடும். ஏழையின் மௌனத்தை ஆதாயமாக எண்ணும் கணக்கு எந்நாட்டிலும் நல்ல கணக்கன்று.

நண்பர்களே! துறைக்குத் துறை ஏடுகள் இணையும் காலம் இது. எந்த நாட்டு அரசும் இந்தக் கருவியை விடப் போவதில்லை. விடச் சொல்லவும் இல்லை. கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, பதிவு வினாவை எழுப்பலாம், விடையாகக் கூடாது. இரண்டு, கேட்பதற்கு முன் நிறுத்தக் கூடாது. மூன்று, மெய்ப்பிக்கும் பொறுப்பை, ஆயிரம் ஏடுகளைக் கையில் வைத்திருப்பவன் சுமக்கட்டும். ஒரு குழந்தையைக் கையில் வைத்திருப்பவள் தலையில் ஏற்ற வேண்டாம்.

ராத்போன் தாயின் கையில் சேர்க்கப் போராடியது சில பவுன்களை மட்டுமன்று. இந்தச் சமுதாயம் உன்னை நம்புகிறது என்ற சொல்லையும் அவர் சேர்த்தே கொடுத்தார். 2025-இல் வந்த மடல் அந்தச் சொல்லைத்தான் திருப்பி எடுத்துக்கொண்டது. பணத்தை மீண்டும் வழங்கிவிட்டனர். அந்தச் சொல்லை எப்போது வழங்குவர்?