பேயின் வாக்குமூலம்: சில பேய்க்கதைகளை முன்வைத்து

பேய்க்கதைகளைத் தொகுக்கிறவர்கள் பெரும்பாலும் பயத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு முனையில் குலைநடுங்க வைக்கும் கதை, இன்னொரு முனையில் சிரிப்புப் பேய், நடுவில் காதல் பேயும் பழிவாங்கும் பேயும். அரூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கிறோம். அடுத்த கூட்டத்துக்குப் பேய்க்கதைகள் என்று முடிவானதும் தேர்வு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. “கொல நடுங்கறதுல ஆரம்பிச்சி கடைசில சிரிக்க வெச்சி அனுப்பிடுங்க” என்றார் ஒரு தோழர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பட்டியல் போட உட்கார்ந்தபோது இந்த அளவுகோல் யாருடைய பயத்தை அளக்கிறது என்ற கேள்வி எழுந்தது. படிக்கிறவனின் பயமா, கதைக்குள் இருக்கிறவனின் பயமா, பேயாவதற்கு முன்னால் அந்தப் பேய் பட்ட பயமா? மூன்றாவதை எந்தத் தொகுப்பும் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் பேயோட்டுகிறவர் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொள்வோம். “யாரு நீ? எந்த ஊரு? எப்பிடிச் செத்த? எதுக்கு இவளப் புடிச்ச?” ஏறக்குறைய ஒரு காவல்நிலைய விசாரணையின் வடிவம். பேய் வாக்குமூலம் கொடுக்கிறது. தூக்கில் தொங்கினேன், கிணற்றில் விழுந்தேன், பிள்ளைபெறும்போது போனேன், வெட்டிப் போட்டார்கள் என்கிறது. ஆனால் வெட்டினவன் யார் என்ற கேள்வி வருவதேயில்லை. “என்ன குடுத்தா நீ போவ?” என்று பேரம் ஆரம்பமாகிவிடுகிறது. கோழி, சுருட்டு, சாராயம். குற்றம் ஊரறியப் பதிவாகிறது, குற்றவாளி பதிவாவதில்லை. அவன் ஒருவேளை அந்தக் கூட்டத்திலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

1990களின் தொடக்கத்தில் செஞ்சி வட்டாரத்தில் களப்பணி செய்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ் (பின்னாளில் கிளார்க்-டெசே என்ற பெயரில் எழுதினார்) இந்தச் சடங்குகளைப் பற்றி 2000இல் ஒரு நூல் வெளியிட்டார். பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்களைத்தான் என்றும், பிடிப்பதாகச் சொல்லப்படும் பேய் காதல் நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞனாக இருப்பது வழக்கம் என்றும் அவர் காட்டுகிறார். முடிவில் அவள் கூந்தலிலிருந்து ஒரு கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்துவிடுகிறார்கள். மரத்தில் நிற்பது பேயா, அவள் விருப்பத்தில் ஒரு பகுதியா? சடங்கு அவளைக் குணப்படுத்துகிறது என்பதைவிடப் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது என்பதே அவருடைய வாசிப்பு. நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். பேய் ஆணாக இருந்தாலும் வேப்பிலை அடி விழுவது அவள் முதுகில்.

செத்தவர்கள் எல்லாருமே பேயாவதில்லை. தர்மபுரி மாவட்டம் நடுகற்களின் மாவட்டம். ஆநிரை கவர்வதிலோ மீட்பதிலோ விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள், பெயர் வெட்டினார்கள், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்றும் எழுதினார்கள். அதில் பல கற்களை இன்றைக்கும் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். அவனும் அகாலத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவன்தான். கல் கிடைத்ததால் சாமியாகிவிட்டான். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்கும் கல் உண்டு: சுமைதாங்கி. இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு பலகைக் கல். வழிப்போக்கன் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறிப் போவான். இறக்கமுடியாத சுமையோடு போனவள் ஊரார் சுமையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். கல்லும் கிடைக்காதவர்கள்தான் புளியமரத்துக்குப் போகிறார்கள். ஆகவே பேய் என்பது ஆவணம் மறுக்கப்பட்டவரின் நிலை என்று வைத்துக்கொள்ளலாம். பேய்க்கதையைத் தேர்ந்தெடுக்க எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். இந்தக் கதை பேயிடம் கடைசிக் கேள்வியைக் கேட்கிறதா, இல்லை கோழி கொடுத்து அனுப்பிவிடுகிறதா?

இப்படிப் பார்த்தால் தமிழின் ஆகப்பெரிய பேய்க்கதை பழையனூர் நீலி. வடிவங்கள் பல, சாரம் ஒன்று. நகைக்காகவோ வேறொருத்திக்காகவோ புருஷன் காட்டில் வைத்து மனைவியைக் கொல்கிறான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் நீலிப்பேய். கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வருகிறாள். அவன் அலறிக்கொண்டு பழையனூர் வேளாளர் சபையில் போய் விழுகிறான். அவள் அழுகிறாள்: இவர் என் புருஷன், இது எங்கள் பிள்ளை, என்னைக் கைவிடப் பார்க்கிறார். எழுபது வேளாளரும் அவளை நம்பி, உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். வாக்குத் தவறாத வேளாளரின் பெருமையாகவே கதை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு இருப்பதாகக் கொள்வார்கள். நீலிக்கு மொழி கொடுத்த பரிசு ஒரு மரபுத்தொடர்: நீலிக்கண்ணீர். கொலையுண்டவளின் அழுகை பொய் அழுகைக்கு உவமையாகிவிட்டது.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சபை நம்பியது அவள் மனைவி என்பதை மட்டும்தான். “இவன் என்னைக் கொன்னவன்” என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தால் அந்தச் சபை கூடியிருக்குமா? கைவிடப்பட்ட மனைவி என்ற வேஷம் போட்டதால்தான் வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இடுப்பில் இருந்த கள்ளிக்கட்டை அவளுடைய மனு. உண்மையைச் சொல்ல முடியாதவள், சபைக்குப் புரியக்கூடிய பொய்யைச் சொல்கிறாள். அந்தப் பொய்க்குள்ளும் அவன் அவள் புருஷன் என்பது உண்மைதானே! அவன் அவளைப் பேய் என்று சொன்னதும் உண்மைதான். ஏன் பேயானாள் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பழையனூர் திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். அதே ஆலங்காட்டில்தான் தமிழின் இன்னொரு பேய்மகளும் இருக்கிறாள். காரைக்கால் அம்மையார். கணவன் அவளைத் தெய்வமென்று பயந்து விலகி, பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணைக் கட்டி, கடைசியில் காலில் விழுகிறான். அவள் உடம்பின் தசையை உதறிவிட்டுப் பேயுரு கேட்டு வாங்கிக்கொள்கிறாள். புருஷனிடம் கணக்குக் கேட்காமல் விலகியவள் அறுபத்துமூவரில் ஒருத்தி, கோயிலில் உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறாள். கணக்குக் கேட்டு வந்தவள் வசைச்சொல். இரண்டு பேரும் ஒரே காட்டுப் பேய்கள் என்பது தற்செயலாகவே இருக்கட்டும், தேர்வு தற்செயலானதல்ல. அம்மையாரின் கவிதையில் சுடுகாடும் எலும்பும் எழுந்து நிற்கிற மாதிரி வேறெங்கும் எழுந்து நிற்பதில்லை என்பதும் உண்மை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

நீலிக்கண்ணீர் என்ற சொல் எங்களுக்குப் பழங்கதை அல்ல. சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி, மலையாளிப் பழங்குடியினரின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். ஆலமரத்தடியில் ஊரைத் திரட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அன்றிரவு பெண்களை வைத்திருந்தது இதே அரூர் வனத்துறை அலுவலகத்தில். தப்பியவர்கள் மலையில், அகப்பட்டவர்கள் சேலம் சிறையில், ஊர் காலி. அன்றைய அரசுத் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் சார்பில் பாமதி நேரில் வந்து அறிக்கை கொடுத்த பிறகும், உயர்நீதிமன்ற உத்தரவில் 1995இல் சி.பி.ஐ. விசாரணைக்கு வந்த பிறகும் அவர்கள் அழுகையைப் பொய்யழுகை என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் ஊருக்கே வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

இதை ஏன் பேய்க்கதைக் கட்டுரையில் சொல்கிறாய் என்று கேட்கலாம். எழுதுகிற நண்பர்கள் சிலர் என்னிடம் சொன்னதால்தான் சொல்கிறேன். ஆளில்லாத ஊர், ஆலமரம், மலை, இரவு. மாந்திரீக யதார்த்தத்துக்கு ஏற்ற களமாச்சே, பேய்களை வைத்து ஒரு நாவல் எழுதலாமே என்கிறார்கள். எழுதக்கூடாது என்பதே என் கட்சி. அந்தப் பெண்கள் உயிரோடு நீதிமன்றத்தில் ஏறி, ஆளைக் காட்டி, கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள். கள்ளிக்கட்டை ஏந்தாமல், மனைவி வேஷம் போடாமல், நடந்ததை நடந்தபடி சொல்லி முப்பத்தொரு வருஷம் நின்றவர்கள். அவர்களைப் பேயாக்குவது கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிப் புளியமரத்தில் கட்டிவிடுகிற வேலை. இலக்கிய அழகு வந்துவிடும், பெயர்கள் போய்விடும். விளிம்பின் குரலைப் பேயின் குரலாக எழுதுவது நம் சிறுபத்திரிகைகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டதால் இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

சரி, பயமுறுத்தும் கதைகளுக்கு வருவோம். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ (1943) இல்லாமல் பட்டியல் கிடையாது. கதைசொல்லி ஓர் எழுத்தாளன். பிச்சைகேட்டு வந்தவளை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அப்புறம் வாசனைகள், இரவுகள். நடப்பது இயற்கையா இயற்கைக்கு மீறியதா என்று முடிவுசெய்ய முடியாத தயக்கமே அதிபுனைவின் அடையாளம் என்றார் டோடரோவ், 1970இல். அவருக்கு இருபத்தேழு வருஷம் முன்னாலேயே புதுமைப்பித்தன் அந்தத் தயக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார். ஆனால் தயக்கம் வீட்டுக்காரனுடையது. காஞ்சனை எங்கிருந்து வந்தாள், அவளுக்கு என்ன நடந்தது என்பதற்குக் கதையில் உறுதியான பதில் இல்லை. 1943 வங்காளப் பஞ்சத்தின் வருஷம். கதைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு கிடையாது என்று தெரியும். இருந்தாலும் வாசலில் வந்து நின்ற ஒருத்தியைக் கண்டு வீடு நடுங்குகிற கதையை அந்த வருஷத்தை மறந்துவிட்டு என்னால் படிக்க முடியவில்லை. பக்கத்தில் வைத்துப் படிக்க ‘மகாமசானம்’ இருக்கிறது. அதில் பேயே இல்லை. நடைபாதையில் ஒரு பிச்சைக்காரன் சாகிறான், பட்டணம் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இதுதான் அதிகப் பயம்.

சிரிப்புப் பேய்கள் அப்பாவிகள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தமிழின் முதல் பெரிய பேய் நகைச்சுவை கலிங்கத்துப்பரணி. பசியில் காய்ந்த பேய்கள் போர்க்களத்துக்குப் போய்க் கூழ் அடுகின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய், பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று பந்தியில் எல்லாருக்கும் ஆளுக்கேற்ற கிண்டல். செயங்கொண்டார் சிரிக்க வைக்கிறார், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் களத்தில் செத்த கலிங்கன் ஒருத்தனும் பேயாக எழுந்து பேசுவதில்லை. அவன் கூழுக்குச் சரக்கு. பேசுகிற பேய்கள் எல்லாம் குலோத்துங்கனை வாழ்த்துகிறவை. அரசாங்கத்துக்கு இதைவிடத் தோதான பேய்க்கதை கிடைக்காது.

அடுப்படியில்தான் சிரிப்பு பிறக்கிறது என்பது விசேஷம். விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’யில் (1978) விறகுக்குப் பதிலாக மோகினி தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கிற காட்சிக்குக் கொட்டகையே கைதட்டிச் சிரித்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. “நாங்க மட்டும் என்னாத்த எரிக்கறோமாம்” என்றார் அத்தை ஒருவர். ஃப்ராய்ட் 1919இல் வீட்டுத்தன்மையே அந்நியமாகி அச்சம் தருவதைப் பற்றி நீளமாக எழுதினார். அத்தை அரைவரியில் முடித்துவிட்டார்.

2011இல் வந்த ‘காஞ்சனா’வையும் ஒதுக்கமாட்டேன். பாதிப் படம் சகிக்காது. ஆனால் அந்தப் பேய் ஒரு திருநங்கை. ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கின நிலத்துக்காக எம்.எல்.ஏ. ஒருத்தன் கொன்று புதைத்தவள். நிலம், கொலைகாரன் பெயர், புதைத்த இடம் எல்லாம் திரையில் வருகிறது. புதுமைப்பித்தனின் காஞ்சனைக்குக் கிடைக்காத கடைசிக் கேள்வி இந்தக் காஞ்சனாவுக்குக் கிடைத்திருக்கிறது. கலைத்தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கூட்டத்துக்கு நான் கொடுத்த வரிசை இது: நீலி கதை, ஊரில் யாராவது பாடத் தெரிந்தவர் இருந்தால் அவர் வாயால், காஞ்சனையும் மகாமசானமும் ஒன்றாக, பரணியில் கூழ் அடுகிற பகுதி. பஸ் ஸ்டாண்ட் கடைகளில் ஒரு காலத்தில் தொங்கிய பி.டி.சாமியின் பேய் நாவல்களில் ஏதாவது ஒன்று, பழைய புத்தகக் கடையில் கிடைத்தால். கடைசியில் தோழர் கேட்ட சிரிப்புக்குப் புதுமைப்பித்தனின் ‘காலனும் கிழவியும்’. எமன் உயிரெடுக்க வருகிறான். மருதாயிக் கிழவி அவனை உட்காரவைத்துப் பேசுகிறாள். கேள்வி கேட்கிறவள் அவள், பதில் தெரியாமல் முழிக்கிறவன் அவன். வந்த வேலை முடியாமலேயே எருமையைத் திருப்பிக்கொண்டு போகிறான்.