உமறுப் புலவரின் முதற்செய்யுளும் இறைவனின் சிபத்துகளும்

சென்ற ரபீவுல் அவ்வல் மாதத்தில் ஒரு நாள் மாலை, கோவில்பட்டியில் நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவனின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டு நன்னி எண்பது வயதைத் தொட்டவர். மீலாது மாதம் பிறந்ததும் சீறாப்புராணத்தின் கடவுள் வாழ்த்தை இராகத்தோடு ஓதி, நாள்தோறும் சில செய்யுட்களைப் பெண்களுக்குப் படித்துச் சொல்வது அவர் வழக்கம். இவ்வாண்டு நூல் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. காரணம் கேட்டோம்.

“நான் ஓதுறது ஷிர்க்காம், ஹஜ்ரத். பேரன் சொல்றான். அம்பது வருசமா ஓதுனதுக்கு நான் எங்கே போய்த் தவ்பா செய்யட்டும்?” என்றார்.

பேரன் பணிவுள்ளவன், கல்லூரியில் பயில்கிறான். கைப்பேசியில் கேட்ட ஒரு சொற்பொழிவு அவன் நெஞ்சைக் கலக்கியிருந்தது. “அல்லாஹ்வுக்கு வடிவு உண்டுன்னு முதல் பாட்டிலேயே வருதே, ஹஜ்ரத். அணுவுக்கு அணுவாம், கருவுக்குக் கருவாம். படைப்புக்குள்ளே அவன் இருக்கான்னு சொல்றது நம்ம அகீதாவா?” என்று கேட்டான்.

அவன் வினா நேர்மையானது. நன்னியின் கண்ணீரும் நேர்மையானது. ஒன்றைக் காக்க மற்றொன்றைத் தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே அம்முதற்செய்யுளை அகீதாவின் அளவுகோல் கொண்டும் தமிழிலக்கணத்தின் அளவுகோல் கொண்டும் ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

முதலில் அகீதாவின் அளவுகோலைக் காண்போம். இறைவனின் தாத்து, அதாவது உள்ளமை, நம் அறிவுக்கு எட்டாதது. அவனை நாம் அறிவது அவனுடைய சிபத்துகளைக் கொண்டே. ஹிஜ்ரி 895-இல் (கி.பி. 1490) மறைந்த இமாம் ஸனூஸி (ரஹ்) அவர்கள் தம் சிறுநூலில் இவற்றை இருபதாகத் தொகுத்தார்கள். உள்ளவனாயிருத்தல் முதலாவது. அதனை அடுத்த ஐந்தும் இல்லாமையை உரைத்து இறைவனைத் தூய்மைப்படுத்துவன: தொடக்கமின்மை, முடிவின்மை, படைப்புக்கு ஒப்பாகாமை, பிறிதொன்றின் தேவையின்மை, இரண்டின்மை. பின்னர் வல்லமை, நாட்டம், அறிவு, உயிர், கேள்வி, பார்வை, பேச்சு என்னும் ஏழும், அவ்வேழினை உடையவனாயிருத்தல் என்னும் ஏழும் வரும். ஹனஃபிகளாகிய மாத்துரீதி வழியினர் ஆக்குதல் என்னும் பண்பையும் தனியே எண்ணுவர். இவ்வேறுபாடு அறிஞர்களின் நுட்பமேயன்றிப் பிளவுக்குரியதன்று.

இங்கே ஒரு நுட்பத்தை நெஞ்சில் நிறுத்த வேண்டும். நம் கரிசல் மண்ணைப் பாருங்கள். ஐப்பசியில் காலை விட்டால் இழுத்துக்கொள்ளும் சேறு. சித்திரையில் பாளம் பாளமாய் வெடித்த கட்டாந்தரை. மண் ஒன்றே, ஈரம் வந்தது, ஈரம் போயிற்று. படைப்பின் பண்புகள் யாவும் இவ்வாறு வந்து போவன. அல்லாஹ்வின் சிபத்து அவ்வாறு வந்ததன்று, போவதுமன்று. அது அவனேயும் அன்று, அவனுக்கு வேறும் அன்று என்று அஷ்அரி இமாம்கள் கூறியது இதுபற்றியே. அவன் கேட்கிறான், செவி கொண்டன்று. அவன் பார்க்கிறான்; விழி கொண்டன்று. திருக்குர்ஆனின் 42-ஆம் அத்தியாயம் 11-ஆம் வசனம் முதலில் அவனுக்கு ஒப்பானது எதுவுமில்லை என மறுத்துவிட்டு, உடனே அவன் கேட்பவன், பார்ப்பவன் என உடன்படுகிறது. மறுப்பு முன்னும் உடன்பாடு பின்னுமாக நிற்கும் அம்முறையே நமக்கு அளவுகோலாகும்.

இனிப் புலவரிடம் வருவோம். கோவில்பட்டியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் உள்ள எட்டயபுரத்தில் உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர் அவர். வள்ளல் சீதக்காதியின் விருப்பத்தால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காவியமாக்க முனைந்தபோது, அரபு மூலங்களின் செய்தியைப் பெறக் கீழக்கரை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடினார் என்றும், பின்னர்ப் பரங்கிப்பேட்டை லெப்பை அலி ஹாஜியாரிடம் உரை பெற்றார் என்றும் வழிவழியாகக் கூறுவர். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில் 5,027 செய்யுட்களாக விரிந்த சீறாப்புராணத்தில், செய்யுள் நடை எட்டயபுரத்தில் பயின்றது. பொருள் ஆலிம்களிடம் கேட்டது. இவ்விரண்டும் சந்திக்கும் முதலிடமே கடவுள் வாழ்த்தின் முதற்செய்யுள்.

அச்செய்யுளின் அமைப்பு இது. உலகில் மக்கள் உயர்வென மதிக்கும் ஒவ்வொன்றையும் புலவர் எடுத்துக்கொள்கிறார். செல்வம், பொருள், தெளிவு, மணம், அணு, ஒளி, வடிவு, கரு என வரிசை செல்கிறது. ஒவ்வொன்றையும் சொல்லிய கையோடு அதனைக் கடந்து மேலே செல்கிறார். இந்த அடுக்கு முறை புலவர் புதிதாகப் படைத்ததன்று. சைவ, வைணவப் பாடல்களில் அவருக்கு முன்பே வழங்கியது. இதனைக் கண்டே சிலர் மிரளுகின்றனர். பாத்திரம் பிறர் வீட்டில் வனைந்தது என்பதற்காக அதிலுள்ள நீர் மாறிவிடாது. நீர் எது என்று பார்ப்போம்.

செல்வத்தை மிஞ்சிய செல்வம் எனும்போது, தேவையற்றவன் என்னும் அல்-கனிய்யு என்ற திருநாமம் தோன்றுகிறது. பொருளுக்கெல்லாம் பொருள் எனும்போது, மெய்யானவன் என்னும் அல்-ஹக்கு தோன்றுகிறது. தெளிவினும் தெளிவு எனும்போது வெளிப்பட்டவன் என்னும் அள்-ளாஹிர். அணுவைக் கூறுமிடம் மாணவனை மிகவும் கலக்கியது. அணுவினுள் இறைவன் குடியிருக்கிறான் என்று பொருள் கொண்டால் அது ஹுலூல்; நம் இமாம்கள் ஒருவரும் ஏற்காதது. ஆனால் அணுவை மிஞ்சிய நுண்மை என்று கொண்டால் அது அல்-லத்தீஃப் என்னும் திருநாமத்தின் நிழலாகும். பார்வைகள் அவனை அடையா, அவனோ பார்வைகளை அடைகிறான் என்று சொல்லும் 6:103-ஆம் வசனம் இந்நாமத்தோடு முடிகிறது. பாறைக்குள் கிடக்கும் கடுகளவு பொருளையும் அல்லாஹ் கொண்டுவருவான் என்று லுக்மான் (அலை) தம் மகனுக்கு உரைத்த அறிவுரையும் (31:16) இதே நாமத்தைக் கூறுகிறது. கடுகுக்குள் அவன் இருக்கிறான் என்று அவ்வசனம் கூறவில்லை. கடுகும் அவன் அறிவுக்குத் தப்பாது என்றே கூறுகிறது. கருவைப் பற்றிய சொல்லும் இத்தகையதே. கருவறைகளில் தான் நாடியவாறு உருவமைப்பவன் அவனே என்பது 3:6-ஆம் வசனத்தின் கருத்து.

இப்போது வடிவு என்னும் சொல்லுக்கு வருவோம். வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. புலவர் வடிவு என்னும் சொல்லைத் தனியே விடவில்லை. அதற்கு முன்னே, ஒப்பாகாத என்று பொருள்படும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்த்தாலும் ஒப்பாகாது என்று அதனை இரட்டித்தும் கூறுகிறார். மறுப்பை முன்னே காவல் நிறுத்திவிட்டே உடன்பாட்டை உள்ளே விடுகிறார். 42:11 காட்டிய முறை இதுவன்றோ! அவ்வெதிர்மறையை விட்டுவிட்டு வடிவை மட்டும் எடுத்துக் காட்டும் பேச்சாளர், வசனத்தின் பாதியை மறைத்து மறுபாதியை ஓதியவருக்கு நிகராவார். மேலும், வடிவுக்கும் வடிவாயிருத்தல் என்பது வடிவுடைமையைக் குறியாது. வடிவுகளுக்கெல்லாம் மூலமானவன், அல்-முஸவ்விர் (59:24) என்று கொள்வதே செய்யுளின் போக்கிற்கு இயைவது.

ஆயினும் எல்லாம் குறையற்றது என்று முடித்துவிட நாம் முனையவில்லை. மணத்திற்கு மணம் என்ற சொல்லுக்கு நேராகத் திருநாமம் எதனையும் நாம் காணவில்லை. இங்கே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அல்-மக்ஸதுல் அஸ்னா என்னும் நூலில் செய்த பாகுபாடு கைகொடுக்கிறது. இறைவனுக்குப் பெயரிடுதல் வேறு, அவனை வருணித்தல் வேறு. பெயர் மார்க்கத்தின் அனுமதியால் மட்டுமே வரும். வருணனையோ பொருள் மெய்யாயிருந்து குறைவு தோன்றாதிருந்தால் கூடும். புலவர் பெயரிடவில்லை, வருணித்தார் என்று கொண்டால் இடர் நீங்குகிறது.

இரண்டாவது இடர் சற்றுக் கடியது. செய்யுளின் முடிவில் கர்த்தாவைக் கூறுமிடத்தில் தவம் என்னும் சொல் ஒட்டி நிற்கிறது. தவம் செய்பவன் அடியான்; இறைவன் எவரை நோக்கித் தவம் செய்வான்? தவத்தை அடியார்க்கு அருளியவன் என்று வலிந்து பொருள் கொள்ளலாம். நாமும் அவ்வாறே கொள்கிறோம். எனினும் காவியத்தின் வாயிலிலேயே இத்தகைய ஐயத்திற்கு இடம் வைத்தது குறையே என்பது நம் துணிபு. எதுகையின் ஓட்டம் புலவரை ஈர்த்துவிட்டது போலும். குறையைக் குறை என்போம். குறையை ஷிர்க்கு என்னோம். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அறியாதவர் பிறர் ஈமானைப் பற்றித் தீர்ப்புரைக்க முன்வருவது பெரும் ஆபத்து.

இதே எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த சுப்பிரமணிய பாரதியாரையும் இங்கு நினைவுகூர்தல் தகும். 1920-இல் பொட்டல்புதூரில் முஸ்லிம்களிடையே இஸ்லாத்தின் பெருமை பற்றிச் சொற்பொழிவாற்றிய அவர், அல்லாஹ்வைப் பற்றித் தாம் இயற்றிய பாடலையும் பாடினார். அதன் முற்பகுதி எண்ணற்ற அண்டங்களை ஒழுங்கில் ஓடச் செய்யும் வல்லமையையும், சொல்லும் மனமும் எட்டாத தன்மையையும் கூறுகிறது. பிற்பகுதி, கல்லாதவர், பொய்யர், கொடியவர் எவராயினும் வந்து போற்றினால் மரண அச்சத்தை நீக்கும் அருளைக் கூறுகிறது. நம் மதரஸாவில் ஓதாத ஒருவர் வல்லமையையும் ஒப்பின்மையையும் அருளையும் ஒரே பாடலில் வரிசைப்படுத்தியது வியப்பே. உமறுப் புலவர் பொருள்களை அடுக்கி அவற்றைக் கடந்து சென்றார். பாரதியார் வானத்தைக் காட்டிவிட்டு அடியானின் அச்சத்திடம் இறங்கி வந்தார். முன்னவரிடம் நுட்பம் மிகுதி. பின்னவரிடம் எளிமை மிகுதி. முதற்செய்யுள் ஒன்றை மட்டும் வைத்து நோக்கின், ரஹ்மத் என்னும் பண்பு உமறுப் புலவரிடம் வெளிப்படையாக இல்லை என்பதையும் இவ்வொப்பீடு காட்டுகிறது.

அன்று மாலை இவற்றையெல்லாம் எளிய சொற்களில் மாணவனுக்கு எடுத்துரைத்தோம். பின்னர், “அப்பா, இருபது சிபத்துகளைச் சொல், பார்ப்போம்” என்றோம். நம்மிடம் சிறுவயதில் ஓதியவன் ஏழெட்டுக்குமேல் தடுமாறினான். பக்கத்தில் அமர்ந்திருந்த நன்னி விரற்கணுக்களில் எண்ணி, உஜூது, கிதம், பகா என்று தொடங்கி இருபதையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். தம் தாயார் சிறுபிள்ளைப் பருவத்தில் கற்பித்தது என்றார். ஆம், இருபதையும் நெஞ்சில் வைத்துக்கொண்டே அவர் ஐம்பது ஆண்டுகள் அச்செய்யுளை ஓதியிருக்கிறார். வடிவு என்னும் சொல் அவரை எந்நாளும் இடறியதில்லை. ஒப்பாகாதவன் என்பதை அவர் அதற்கு முன்பே அறிந்திருந்தார். பேரனுக்கோ காவல் இல்லாமல் செய்யுள் மட்டும் கிடைத்தது. பிழை செய்யுளில் இல்லை, பேரனிடமும் இல்லை. அகீதாவை விட்டுவிட்டு இலக்கியத்தையும், இலக்கியத்தை விட்டுவிட்டு அகீதாவையும் தனித்தனியே கற்பித்த நம்மைப் போன்ற ஆசிரியர்களிடமே பெரும்பகுதி இருக்கிறது.

ஆதலின் வாசக நேயர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். இல்லங்களில் சீறாவை ஓதுவதை நிறுத்த வேண்டா. ஓதத் தொடங்குமுன் பிள்ளைகளைச் சுற்றி அமரச் செய்து இருபது சிபத்துகளைப் பொருளோடு சொல்லிக்கொடுங்கள். பிறகு முதற்செய்யுளை ஓதி, அதில் மறுப்பு எங்கே நிற்கிறது, உடன்பாடு எங்கே நிற்கிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தவம் என்னும் சொல்லில் எந்தப் பிள்ளையாவது நின்று கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள்; அப்பிள்ளை நன்றாகக் கற்றிருக்கிறது என்று மகிழுங்கள்.

நாம் விடைபெறும்போது நன்னி பெட்டியைத் திறக்கச் சொன்னார். தாள்கள் பழுத்திருந்த அந்நூலைப் பேரனே எடுத்துத் தூசு தட்டி அவர் கையில் கொடுத்தான். தன்னைத் தக்கவாறு அறியும் அறிவையும், அறிந்ததைத் தாய்மொழியில் பிழையின்றிப் போற்றும் நாவையும் வல்ல ரஹ்மான் நம் மக்களுக்கு வழங்குவானாக. ஆமீன்.