‘இது உங்க கதையா?’ – பெண்களின் ஓராள் நாடகங்களைப் பார்ப்பது பற்றி

பெண்கள் தனியாக நடிக்கும் நாடகங்களுக்கென்று நடக்கும் சிறிய விழாக்களுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். எழுபது, எண்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஒரு ஹால். நாடகம் முடியும், விளக்கு வரும். நடித்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தண்ணி பாட்டிலோடு மேடை விளிம்பில் வந்து உட்காருவார். கலந்துரையாடல். மைக் முதல் ஆளிடம் போகும். “ரொம்ப டச்சிங்கா இருந்துச்சு மேடம். இது உங்க சொந்தக் கதையா?”

கேட்கிறவர் கெட்டவரில்லை. உண்மையிலேயே கலங்கிப்போய்த்தான் கேட்கிறார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் நடிகை மாட்டிக்கொள்வார். ‘ஆமாம்’ என்றால் அதுவரை நாடகமாக இருந்தது அந்த நொடியில் வாக்குமூலமாகிவிடும். அதன் பிறகு ‘நடுவுல கொஞ்சம் தொய்வா இருந்துச்சே’ என்று யார் வாயைத் திறக்க முடியும்? ‘இல்லை’ என்றால் சபையில் லேசாக ஓர் ஏமாற்றம் பரவும், கொடுத்த கண்ணீரைத் திருப்பிக் கேட்கிற மாதிரி.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குத் தனிநடிப்பு என்றால் பள்ளி ஆண்டுவிழா ‘மோனோ ஆக்டிங்’தான். பையன்கள் கட்டபொம்மன் வேஷம் போட்டு வரி கேட்ட வெள்ளைக்காரனைத் திட்டுவார்கள். பெண்பிள்ளைகள் தலையை விரித்துப் போட்டுக் கையில் சிலம்போடு பாண்டியனிடம் நியாயம் கேட்பார்கள். கட்டபொம்மனிடம் யாரும் ‘இது உங்க கதையா’ என்று கேட்டதில்லை. கண்ணகியிடமும் கேட்டதில்லை. அப்படியானால் இந்தக் கேள்வி எப்போது உள்ளே வருகிறது? ஒரு பெண் காவியத்தை விட்டுவிட்டுச் சமையலறை, பேருந்து, படுக்கையறை என்று பேச ஆரம்பிக்கும்போது வருகிறது. அன்றாடத்தைப் பேசுகிற பெண்ணுக்குக் கற்பனை இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. பட்டதைத்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்தக் கேள்வியின் கனம் முழுவதையும் தாங்கிய ஒருவர் ஃபிராங்கா ராமே. இத்தாலிய நடிகை. கணவர் தாரியோ ஃபோவோடு சேர்ந்து நாடகங்கள் எழுதியவர், நடித்தவர். 1973 மார்ச்சில் மிலான் நகரத்தில் தீவிர வலதுசாரி ஆட்கள் அவரை வேனில் இழுத்துப்போட்டுக் கடத்தினார்கள், சித்திரவதை செய்து கூட்டு வன்புணர்வு செய்தார்கள். அவருடைய அரசியலுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனை அது. 1975-ல் அதை ஒரு தனிமொழியாக எழுதினார். தலைப்பே ‘வன்புணர்வு’தான். மேடையில் அதை நிகழ்த்தத் தொடங்கியபோது தனக்கு நடந்தது என்று அவர் சொல்லவில்லை. வேறொரு பெண்ணின் சாட்சியம் என்ற பெயரிலேயே கொடுத்தார். உண்மை வெளியே தெரிய வந்தது பிற்பாடுதான்.

ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லலாம். விளைவைத்தான் என்னால் பேச முடியும். ‘பாவம் ஃபிராங்கா’ என்று நினைக்கும் வாய்ப்பையே அவர் பார்வையாளருக்குக் கொடுக்கவில்லை. இரக்கப்பட ஒரு முகவரி கிடைக்காதபோது நாம் நடந்ததைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். நிகழ்காலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக, உடம்பின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிற மாதிரி போகும் பிரதி அது. கடைசியில் அந்தப் பெண் காவல் நிலையம் வரைக்கும் நடந்து போகிறாள். வாசலில் நின்று, உள்ளே அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளை நினைத்துப் பார்க்கிறாள். நாளைக்குப் புகார் கொடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுகிறாள். இத்தாலியச் சட்டத்தில் வன்புணர்வு அன்றைக்கு ‘பொது ஒழுக்கத்துக்கு’ எதிரான குற்றம். ஒரு மனிதருக்கு எதிரான குற்றம் என்று அது மாறியது 1996-ல்தான். அந்தத் திரும்புதலில் ஒரு நாட்டின் சட்டமே இருக்கிறது.

சரி, இன்னொன்று யோசித்துப் பாருங்கள். இதை அவர் ஒரு தடவை செய்யவில்லை. பல வருடங்கள், பல ஊர்களில், பல இரவுகள் செய்தார். ஒவ்வொரு இரவும் அந்த வேனுக்குள் நிஜமாகவே திரும்பிப் போயிருந்தால் ஒரு மனுஷி பிழைத்திருக்க முடியுமா? மூச்சை எங்கே விடுவது, எந்த வார்த்தையில் கண்ணை மூடுவது, எந்த இடத்தில் குரலைத் தட்டையாக்குவது என்கிற ‘டெக்னிக்’தான் அவரை அந்த வேனுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. அனுபவத்துக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அந்த இடத்தின் பெயர்தான் நடிப்பு.

இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெண்களின் ஓராள் நாடகங்களைப் பற்றி நம் சூழலில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டே வகை. ‘துணிச்சலான முயற்சி, வாழ்த்துகள்’ என்பது ஒன்று. ‘இது நாடகமே இல்லை, புலம்பல்’ என்பது இன்னொன்று. இரண்டுமே நடிப்பைப் பார்க்காதவர்கள் எழுதுவது. முதலாமவர் வலியைப் பார்த்துக் கும்பிடுகிறார், இரண்டாமவர் வலியைப் பார்த்து முகம் சுளிக்கிறார். வேலையைப் பற்றிப் பேச இருவருக்குமே நேரமில்லை. வலியைச் சொல்லும் பெண்ணிடம் கலை நுட்பம் பற்றிக் கேட்பது கொடூரம் என்றொரு நினைப்பு நமக்குள் இருக்கிறது. எனக்கு அது தலைகீழாகத்தான் தெரிகிறது. நுட்பம் அவளுடைய பாதுகாப்பு. அதைப் பற்றிப் பேசாத விமர்சனம் அவளைக் காயத்தோடு தனியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறது.

‘தனியாக’ என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. ஒரு பெண் தனியாக மேடையில் நின்று கதை சொல்வது நமக்கு நேற்று வந்த பழக்கமில்லை. கேரளத்தின் நங்கையார் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிழாவு ஒலிக்க, ஒரு பெண் தனியாக ஆடுவது. மரபான பிரதியில் அவள் சுபத்திரையின் தோழி. ஒரு பணிப்பெண் நின்று கிருஷ்ணனின் கதை முழுவதையும் சொல்கிறாள். கம்சனாகவும் அவள்தான் மாறுகிறாள், யசோதையாகவும் அவள்தான். ஒரே ஆள் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்கு ‘பகர்ந்நாட்டம்’ என்று தனிப் பெயரே உண்டு. ஆடையின் முனையை லேசாகச் செருகிக்கொள்வதில் ஆள் மாறிவிடும். உஷா நங்கையார் போன்றவர்கள் நம் காலத்தில் இதே உத்தியைக் கொண்டு அகலிகை, மண்டோதரி, திரௌபதி என்று பெண்களின் பக்கத்திலிருந்து கதைகளைத் திறந்தார்கள்.

சத்தீஸ்கரின் தீஜன் பாய் கையில் இருப்பது ஒரு தம்புரா மட்டும்தான். அது பீமனின் கதையாகும், அர்ஜுனனின் வில்லாகும், தேராகும். பெண்கள் உட்கார்ந்து பாடும் வழக்கமிருந்த பாண்டவானியில், ஆண்களைப் போல எழுந்து நின்று ஆடிப் பாடும் ‘காபாலிக்’ பாணியை எடுத்துக்கொண்டவர் அவர். பெண் பாண்டவானி பாடலாமா என்று சொந்தச் சமூகமே அவரை ஒதுக்கி வைத்தது. 2019-ல் அதே பெண்ணுக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. அவர் மேடையில் சொன்னது பாண்டவர் கதை. அவருடைய வாழ்க்கை எங்கே என்று கேட்டால், எழுந்து நின்ற அந்த உடம்பில் இருக்கிறது. வங்கத்தில் சாவோலி மித்ரா 1983-ல் ‘நாதவதி அநாதவத்’ நாடகத்தில் திரௌபதியைச் சொன்னதும் ஒரு கதைசொல்லியாக நின்றுதான். ஐந்து கணவர்கள் இருந்தும் நாதியற்றவள் என்று பெயரிலேயே கேலி இருக்கிறது.

இந்த மரபில் தனியாக நிற்கிறவள் தன்னை மட்டும் சுமக்கவில்லை, ஓர் ஊரையே சுமக்கிறாள். நம் ஒப்பாரியும் இப்படித்தான். எழவு வீட்டுக்கு வந்த ஒருத்தி செத்தவருக்காக அழ ஆரம்பிப்பாள். கொஞ்ச நேரத்தில் தன் புருஷன், தன் பொறந்த வீடு, தனக்கு வராமல்போன சீர் எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும். ‘இது உன் கதையா, செத்தவங்க கதையா?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டும்தான் என்று சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்த ‘நான்’ யாருடைய ‘நான்’ என்று பிரித்துப் பார்க்காமல் கேட்கும் காது நம்மிடம் இருந்திருக்கிறது. ஏசி ஹாலுக்குள் வரும்போது அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்.

இப்போது ஒரு நாடகத்தைப் பார்க்கும்போது நான் எதைக் கவனிக்கிறேன் என்று சொல்கிறேன். முதலில், அவள் யாரிடம் பேசுகிறாள்? ஃபோ – ராமே எழுதிய ‘தனியாக ஒரு பெண்’ணில் வீட்டுக்குள் புருஷனால் பூட்டி வைக்கப்பட்டவள், எதிர் ஜன்னலில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணிடம் பேசுகிறாள். நடுவில் தொலைபேசி அடிக்கிறது, குழந்தை அழுகிறது, உடம்பெல்லாம் மாவுக்கட்டுப் போட்ட கொழுந்தன் அந்த நிலைமையிலும் கையை நீட்டுகிறான். நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். எதிர்வீட்டுக்காரி மேடையில் இல்லவே இல்லை. ஆனால் அவள் கேட்கிறாள் என்பதால்தான் இவளுக்குத் தன் வாழ்க்கை முதல்முறையாகக் காதில் விழுகிறது. கடைசியில் துப்பாக்கியோடு கணவனுக்காகக் காத்திருக்கும்வரை அவளைக் கொண்டுவருவது அந்தக் கேட்கும் காதுதான். பல ஓராள் நாடகங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. பேசுகிறவள் காற்றைப் பார்த்துப் பேசுவாள். இல்லையென்றால் நேராக நம்மைப் பார்த்து, தீர்ப்பு சொல்லச் சொல்லி.

இரண்டாவது, யாருடைய குரல் அவள் வாய்வழியாக வருகிறது? மல்லிகா தனேஜாவின் ‘தோடா த்யான் ஸே’ (கொஞ்சம் ஜாக்கிரதையாக) ஏறக்குறைய ஆடையில்லாமல் அவர் நின்று நம்மைப் பார்ப்பதில் தொடங்குகிறது. ஒரு வார்த்தை கிடையாது. நாம்தான் நெளிகிறோம். அப்புறம் பேசிக்கொண்டே உடுத்த ஆரம்பிக்கிறார். ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று, ஆளே துணிமூட்டை ஆகும்வரை. பேச்சு முழுக்க அறிவுரை: பொண்ணுங்க கொஞ்சம் பார்த்து நடந்துக்கணும், அவ்வளவுதானே! அவர் தன் கதை எதையும் சொல்லவில்லை. நம் அம்மாக்களும் வார்டன்களும் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். துணி ஏற ஏறச் சிரிப்பு குறைகிறது. ‘உங்க கதையா?’ என்று இங்கே கேட்டால் ‘உங்க கதைதான்’ என்று பதில் வரும்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. யாருடைய வாழ்க்கையை யார் நடிக்கிறார்கள்? ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பெண் முந்தானையைச் செருகி, வட்டார வழக்கை வரவழைத்துக்கொண்டு, வீட்டு வேலை செய்யும் அம்மாவாக மாறிக் கைதட்டல் வாங்குகிறார். அந்த அம்மா விழாவுக்கு வந்திருப்பாரா? வந்திருந்தால் எந்த வரிசை நாற்காலி? பிறர் வாழ்க்கையை நடிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் பணிப்பெண் கிருஷ்ணனாக முடியாது. ஆனால் பணிப்பெண் கடவுளாவதும் முதலாளியம்மா பணிப்பெண்ணாவதும் ஒன்றல்ல. மேலேயிருந்து கீழே வருகிறவர், தான் எங்கிருந்து வருகிறேன் என்பதையும் மேடையில் வைக்கவேண்டும். அதை மறைத்து வட்டார வழக்கை மட்டும் காட்டினால் அது பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிதான்.

இத்தனைக்கும் நடுவில் இந்த வடிவம் ஏன் பெண்களுக்குத் தோதாக இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இதில் அழகியல் பாதி, பணமும் நேரமும் மீதி. குழு நாடகமென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒத்திகைக்குப் பத்துப் பேர் சேரவேண்டும். அந்த நேரத்துக்கு வீட்டை விட்டு வரமுடிகிற பெண்கள் எத்தனை பேர்? தனியாள் என்றால் குழந்தை தூங்கிய பிறகு மொட்டை மாடியில் ஒத்திகை பார்க்கலாம், ஒரு பெட்டியோடு ரயில் ஏறலாம். இல்லாமையிலிருந்து பிறந்த வடிவம் இது.

சட்டமும் ஒரு பக்கம் இருந்தது. 1954-ம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி தமிழ்நாட்டில் நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கவேண்டியிருந்தது. ஈவ் என்ஸ்லரின் ‘வஜைனா மோனோலாக்ஸ்’ 2004-ல் சென்னையில் அனுமதி மறுக்கப்பட்டதை மூத்த அரங்க ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘பரீக்‌ஷா’ ஞாநி தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில்தான் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. ஏறக்குறைய அதே நாட்களில், 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, கதகளி பயின்ற மாயா கிருஷ்ண ராவ் ‘வாக்’ என்ற நிகழ்வைச் செய்துகொண்டிருந்தார். நள்ளிரவில், விடியற்காலையில், எந்த நேரத்திலும் தெருவில் நடக்க ஆசைப்படும் ஒரு பெண். அவ்வளவுதான் விஷயம். ஒரு பெண் மேடையில் நடக்கிறாள். இதில் எதை முன்கூட்டியே தணிக்கை செய்வது?

கடைசியாக விழாக்களை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று நாளில் எட்டு நாடகம் என்று அடுக்காதீர்கள். நான்கு போதும், ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை போடுங்கள். முதல் நாள் பார்த்தவர்களை மறுநாளும் கூப்பிடுங்கள். நேற்று அழுத அதே இடத்தில் இன்றும் அவர் அழுகிறாரா, அதே மூச்சில் நிறுத்துகிறாரா, நேற்று சிரிக்காத சபை இன்று சிரித்தால் என்ன செய்கிறார் என்று பார்க்கட்டும். சொந்தக் கதையா என்ற கேள்வி அப்போது தானாகவே உதிர்ந்துவிடும். ‘அந்த நாற்காலியை ஏன் திருப்பிப் போட்டீங்க?’ என்று யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் எந்த நடிகையும் அதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.